ஏழு ஊர்களின் மொழி

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், நைஜர் ஆற்றின் வெள்ளச் சமவெளிக்குக் கிழக்கே, மணற்கல் பீடபூமி ஒன்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக முறிந்து தாழ்நிலத்தில் இறங்குகிறது. பண்டியாகரா பாறைத்தொடர் எனப்படும் இந்தச் சரிவு சில இடங்களில் 500 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கிறது. அதன் குகைகளிலும் இடுக்குகளிலும் தெல்லெம் என்ற பழைய குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் தங்கள் இறந்தோரை வைத்துச் சென்றிருக்கிறார்கள். அடிவாரத்திலும் மேட்டிலும் இன்று டோகோன் மக்களின் ஊர்கள் பரவியிருக்கின்றன. 1989-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தொடரின் மேற்குப் பக்கத்தில், முதன்மைச் சாலைகளிலிருந்து விலகிய ஒரு பள்ளத்தாக்கில், பாங்காண்டே என்ற மக்கள் ஏழு ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி பாங்கிமே. பேசுவோர் தொகையைப் பற்றிய மதிப்பீடுகள் 2,000 முதல் 4,000 வரை வேறுபடுகின்றன. எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் தொகைக்கு மேல் போவதில்லை.

பாங்காண்டே மக்கள் தங்களை டோகோன் இனத்தார் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தங்கள் பேச்சையும் டோகோன் மொழிகளில் ஒன்றாகவே கருதுகிறார்கள். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. டோகோன் என்பது ஒரே மொழியின் பெயரன்று. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காத அளவுக்குப் பிரிந்துவிட்ட ஏறத்தாழ இருபது மொழிகளைக் கொண்ட ஒரு குடும்பத்தின் பெயர். அடுத்த பள்ளத்தாக்குக்காரரின் பேச்சு புரியாமல் போவது அங்கு அன்றாட நடப்பு என்பதால், பாங்கிமேயும் எவருக்கும் புரியவில்லை என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தியாக அப்பகுதியினருக்குத் தோன்றியிருக்காது. வெளியிலிருந்து வந்த அறிஞர்களுக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் 1930-களிலிருந்து டோகோன் மக்களிடையே தங்கி ஆய்வு செய்து, ஒகோதெம்மேலி என்ற முதியவருடனான உரையாடல்களை 1948-இல் நூலாக வெளியிட்டு அவர்களை உலகப் புகழ் பெறச் செய்தார். ஆனால் அவருடைய கவனமும் அவரைத் தொடர்ந்தவர்களின் கவனமும் சங்கா என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு வெகுதூரம் விலகவில்லை. ஜோசப் கிரீன்பெர்க் 1963-இல் ஆப்பிரிக்க மொழிகள் அனைத்தையும் நான்கு பெருங்குடும்பங்களுக்குள் அடக்கிக் காட்டியபோது, பாங்கிமேக்கு அந்தப் பகுப்பில் தனியிடம் இருக்கவில்லை. டோகோன் என்ற பெயரின் நிழலில் அது மறைந்து கிடந்தது.

2005-ஆம் ஆண்டில் பிரித்தானிய மொழியியலாளர் ரோஜர் பிளெஞ்ச் இப்பள்ளத்தாக்குக்குச் சென்று சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதை அண்டைய மொழிகளின் பட்டியல்களோடு வைத்துப் பார்த்து, இது டோகோன் மொழியே அன்று என்றும், மேற்கு ஆப்பிரிக்காவின் வேறு எந்த மொழிக்கும் நெருக்கமானதாகவும் தெரியவில்லை என்றும் அவர் முடிவு செய்தார். டோகோன் மொழிகள் அப்பகுதியில் பரவுவதற்கு முன் வழங்கிய மொழிகளில் எஞ்சியிருக்கும் கடைசி மொழியாக இது இருக்கலாம் என்பது அவருடைய கருத்து; அந்தப் பரவல் 3,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்கலாம் என்றும் அவர் மதிப்பிட்டார். இவ்வாறு எந்தக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத மொழியை மொழியியல் ‘தனித்த மொழி’ என்று குறிக்கிறது. ஐரோப்பாவில் பாஸ்க், பாகிஸ்தானின் வடக்கே புருஷாஸ்கி, நேபாளத்தில் குசுண்டா, மத்திய இந்தியாவில் நிஹாலி ஆகியவை இந்த வகையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை.

இரு மொழிகள் உறவுடையவை என்று சொல்வதற்குச் சில சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பது போதாது. தமிழின் பால், பல், புலி, பூ ஆகியவற்றுக்குக் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹூ என்ற சொற்கள் நிற்கின்றன. தமிழில் சொல்லின் முதலில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருவது ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்த விபத்தாக இல்லாமல், சொல்லுக்குச் சொல் ஒழுங்காகத் திரும்ப வருகிறது. இத்தகைய ஒழுங்கான ஒலி இணைகள் உடல் உறுப்பு, உறவுமுறை, எண், நீர், நெருப்பு போன்ற அடிப்படைச் சொற்களில் நிறையக் கிடைத்தால்தான் இரு மொழிகளும் ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை என்று சொல்ல முடியும். மாறாக, தமிழின் சாவியும் ஜன்னலும் போர்த்துகீசியச் சொற்களை ஒத்திருப்பது உறவின் அடையாளமன்று. அவை வணிகர்களோடும் பாதிரிமார்களோடும் வந்து சேர்ந்த கடன்சொற்கள். பாங்கிமேயில் டோகோன் சொற்களை ஒத்த சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்பதுதான் சிக்கல். அதைத் தீர்க்க ஒரு சொற்பட்டியல் போதாது, முழு இலக்கணமும் பெரிய அகராதியும் தேவைப்பட்டன.

அந்த வேலை எளிதாக நடந்துவிடவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹீத் டோகோன் மொழிகள் அனைத்தையும் பதிவு செய்யும் நெடுங்காலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, பாங்கிமேயை ஆராயும் பொறுப்பை ஸ்டெஃபான் எல்டர்ஸ் என்ற டச்சு மொழியியலாளர் ஏற்றார். முண்டாங் மொழிக்கு இலக்கணம் எழுதித் தம் திறனை முன்பே நிறுவியிருந்த அவர், 2007-ஆம் ஆண்டில் களப்பணிக் காலத்திலேயே நோயுற்று மாலியில் காலமானார். விடுபட்ட பணியை அபி ஹான்ட்கன் தொடர்ந்தார்; இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு அவர் 2013-இல் அளித்த ஆய்வேடும், ஹீத்துடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட விரிவான இலக்கண நூலும் இன்று இம்மொழியைப் பற்றிய அறிவுக்கு அடித்தளமாக உள்ளன. பிளெஞ்சின் சொற்பட்டியலுக்கும் இந்த நூலுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. எழுத்து வழக்கில்லாத ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவது எவ்வளவு மெதுவான தொழில் என்பதை இது காட்டுகிறது.

அந்த இலக்கணம் காட்டும் மொழி எப்படிப்பட்டது? முதலில் அதன் உயிர் ஒலிகள். பாங்கிமேயில் அடிப்படையான உயிர்கள் ஏழு. ஒவ்வொன்றும் குறிலாகவும் நெடிலாகவும் வரும். அவை ஒவ்வொன்றும் வாய்வழியே மட்டும் ஒலிப்பதாகவோ, காற்றின் ஒரு பகுதி மூக்கின் வழியே செல்லும் மூக்கொலி உயிராகவோ இருக்கும். ஏழை நான்கால் பெருக்கினால் இருபத்தெட்டு உயிர்கள் வருகின்றன. மூக்கொலி உயிர் தமிழருக்கு அறிமுகமில்லாதது போலத் தோன்றினாலும், அது அன்றாடப் பேச்சில் இருப்பதுதான். ‘மரம்’, ‘பணம்’ என்று எழுதுவதைப் பேசும்போது பெரும்பாலோர் இறுதி மகரத்துக்காக உதடுகளை மூடுவதில்லை. அதற்கு முந்திய உயிரையே மூக்கால் ஒலித்து முடித்துவிடுகிறார்கள். தமிழில் இது பேச்சின் பழக்கம் மட்டுமே, தனி எழுத்து வேண்டாத ஒன்று. பாங்கிமேயிலோ குறில் நெடில் வேறுபாட்டைப் போலவே இதுவும் சொல்லின் எலும்புக்கூட்டைச் சேர்ந்தது.

இரண்டாவது, தொனி. ஒரே எழுத்துகளைக் கொண்ட அசையை உயர்ந்த சுருதியில் சொல்வதா, தாழ்ந்த சுருதியில் சொல்வதா, தாழ்விலிருந்து ஏற்றிச் சொல்வதா என்பதால் பொருள் மாறுமானால் அம்மொழியைத் தொனி மொழி என்பர். சீனம் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க மொழிகளிலும் மிகப் பெரும்பான்மையானவை இத்தகையவைதாம். பாங்கிமேயில் தொனி சொற்களை வேறுபடுத்துவதோடு நிற்பதில்லை. பிற மொழிகளில் விகுதியோ உருபோ செய்யும் இலக்கண வேலையில் ஒரு பகுதியையும் அது ஏற்றுக்கொள்கிறது. சொல்லின் உருவம் அப்படியே இருக்க, அதன் சுருதி மட்டும் மாறி இலக்கணப் பொருளை மாற்றிவிடுகிறது.

ஆய்வாளர்களை மிகவும் கவனிக்க வைத்தது மூன்றாவது கூறு. டோகோன் மொழிகள் ஒட்டுநிலை மொழிகள். ‘வரவில்லையாம்’ என்ற ஒரே சொல்லில் தமிழ் வேரையும் எதிர்மறையையும் பிறர் சொல்லக் கேட்டதென்ற குறிப்பையும் அடுத்தடுத்து ஒட்டுவதைப் போல, அவையும் வினையின் பின்னால் காலத்தையும் எதிர்மறையையும் இடத்தையும் தொடர்ச்சியாக ஒட்டிக்கொண்டே போகின்றன. பாங்கிமேயோ ஒட்டுகளை அரிதாகவே பயன்படுத்தும் மொழி. பெரும்பாலும் தனித்தனிச் சொற்களை நிரல்படுத்தியும், சொற்களைக் கூட்டியும், தொனியை மாற்றியும் அது தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. இவ்வகை மொழிகளைத் தமிழ் மொழியியல் நூல்கள் ‘தனிநிலை மொழிகள்’ என்று அழைப்பதால், உறவில்லாத மொழியைக் குறிக்கும் ‘தனித்த மொழி’ என்ற தொடரோடு குழம்பிவிடக் கூடாது. முன்னது மொழியின் கட்டமைப்பைப் பற்றிய சொல், பின்னது அதன் வம்சத்தைப் பற்றியது. பாங்கிமே இரண்டுமாக இருப்பது தற்செயல். டோகோனின் ஒட்டுநிலை மொழிகள் பல நூற்றாண்டுகளாகச் சூழ்ந்திருந்தும் அவற்றின் இலக்கண வார்ப்பை அது ஏற்கவில்லை என்பது மட்டும் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதன்று.

சொற்களின் கதை வேறு. ஹான்ட்கனும், கணினி வழியே மொழிகளை ஒப்பிடும் முறைகளை வளர்த்த யோஹான் மாட்டிஸ் லிஸ்ட்டும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, பாங்கிமேயின் சொற்களை டோகோன், மாண்டே, சொங்காய், அட்லாண்டிக் ஆகிய நான்கு அண்டைக் குழுக்களின் சொற்களோடு முறைப்படி ஒப்பிட்டது. ஃபுலானி மக்கள் பேசும் ஃபுல்ஃபுல்டே மொழி அட்லாண்டிக் குழுவைச் சேர்ந்தது. பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த மொழியில் வேற்றுச் சொற்கள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. ஆனால் நான்கு திசைகளிலிருந்தும் ஏராளமான சொற்கள் பாங்கிமேக்குள் வந்து குடியேறியிருந்தன. அவற்றையெல்லாம் சலித்து எடுத்த பிறகும், எந்த அண்டை மொழியாலும் விளக்க முடியாத சொற்கள் மிஞ்சின. பாங்கிமே தனித்த மொழி என்ற முடிவு அந்த மிச்சத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இம்மக்கள் யாரோடும் பேசாமல் இருந்தவர்கள் அல்லர். அண்டை மொழிகளை அறிந்திருந்தார்கள், அவற்றிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் தங்கள் மொழியைத் தங்கள் கட்டமைப்பிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இப்படி வைத்துக்கொள்ளக் காரணம் என்ன என்ற கேள்விக்கு முன்வைக்கப்பட்ட விடைகளில் மிகவும் கவர்ச்சியானது, பாங்கிமே ஒரு மறைபேச்சாக இருந்தது என்பது. பாங்காண்டே என்ற இனப்பெயரே மறைவையும் ஒளிவையும் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. அடிமை வணிகர்களின் கூட்டங்களிலிருந்து தப்பியோடியவர்களுக்கு இப்பள்ளத்தாக்கு புகலிடமாக இருந்திருக்கலாம் என்பது இக்கருத்தின் மையம். வரலாறு இதற்கு இடம் தருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுலானியரின் மாசினா அரசு ஹம்தல்லாஹி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இச்சமவெளியை ஆண்டது. 1862-இல் எல் ஹாஜ் உமர் தால் அந்நகரைக் கைப்பற்றினார். 1864-இல் அவர் இந்தப் பாறைத்தொடரின் ஒரு குகையில்தான் இறந்தார். அவருக்குப் பின் திஜானி தால் பண்டியாகராவிலிருந்தே ஆட்சி செய்தார். படையெடுப்புகளோடு ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்பதும் சேர்ந்தே நடந்த காலம் அது. பிடிபட அஞ்சியவர்களுக்குக் குதிரைகள் ஏற முடியாத பாறைச் சரிவுகள் பாதுகாப்பாக இருந்தன. வேட்டையாட வருபவனுக்குப் புரியாத மொழி அடுத்த பாதுகாப்பு.

பிரித்தானிய மொழியியலாளர் எம். ஏ. கே. ஹாலிடே 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சமூகத்தின் விளிம்பில் வாழும் குழுக்கள் வெளியாருக்கு விளங்கக் கூடாது என்பதற்காகவே உருவாக்கிக்கொள்ளும் மொழி வடிவங்களை ‘எதிர்மொழி’ என்ற பெயரில் விளக்கினார். சிறைக்கைதிகளின் பேச்சும் திருடர்களின் குழூஉக்குறியும் இதில் அடங்கும். பாங்கிமேயையும் இவ்வகையில் வைத்துப் பார்க்கலாம் என்று ஹான்ட்கன் முன்வைத்தார். மத்திய இந்தியாவில் சில ஆயிரம் பேர் பேசும் நிஹாலி மொழியைப் பற்றியும் டச்சு அறிஞர் எஃப். பி. ஜே. குயிப்பர் 1962-இல் இதே போன்ற ஐயத்தை எழுப்பியிருந்தார்; கோர்க்கு, மராத்தி, திராவிடச் சொற்கள் மலிந்த அம்மொழி ஒரு குழூஉக்குறியாகவே வளர்ந்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். உறவு தெரியாத சிறிய மொழி ஒன்றைக் கண்டதும் அதைத் திட்டமிட்டு மறைக்கப்பட்ட பேச்சாகக் கருதும் சாய்வு ஆய்வாளர்களிடம் உண்டு என்பதை இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது மறுக்க முடியவில்லை.

மரபணு ஆய்வு இக்கருத்துக்கு எளிதாக இசையவில்லை. பல இடங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒன்றுகூடி உருவான சமூகமாக இருந்தால், அவர்களுடைய வழித்தோன்றல்களின் மரபணுவில் பல இனங்களின் கலப்பு பளிச்செனத் தெரிய வேண்டும். ஆனால் பாங்காண்டே மக்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, அவர்கள் டோகோன் மக்களிடமிருந்தும் ஏனைய அண்டை இனங்களிடமிருந்தும் விலகி நிற்பதையும், நெடுங்காலம் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சிறு குழுவுக்குரிய அடையாளங்களைக் கொண்டிருப்பதையும் காட்டியது. மொழிக்குள் சொற்கள் கலந்த அளவுக்குக் குருதி கலக்கவில்லை. தப்பி வந்தவர்கள் அங்கு தங்கியிருக்கலாம். ஆனால் அவர்கள் அச்சமூகத்தைத் தோற்றுவித்தவர்களாக இருக்க வாய்ப்பு குறைவு. முன்பே அங்கு இருந்த ஒரு பழங்குடி, தன் மொழி பிறருக்கு விளங்காமல் இருந்ததை ஆபத்துக் காலத்தில் அரணாகப் பயன்படுத்திக்கொண்டது என்று கொள்வதே கிடைத்துள்ள சான்றுகளுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மறைப்பதற்காக ஒரு மொழி படைக்கப்படுவதும், இருக்கும் மொழி மறைப்பதற்கு உதவுவதும் வெவ்வேறு நிகழ்வுகள்.

இம்மொழி அழிவின் விளிம்பில் இருக்கிறதா என்ற கேள்விக்கு இனி வரலாம். யுனெஸ்கோ கூட்டிய வல்லுநர் குழு ஒன்று 2003-இல் மொழிகளின் நிலையை அளக்க ஒன்பது காரணிகளை வகுத்தது. அவற்றில் முதலில் வைக்கப்பட்டது பேசுவோரின் தொகையன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மொழி கடத்தப்படுகிறதா என்பது. பாங்காண்டே ஊர்களில் குழந்தைகள் முதலில் பேசக் கற்பது பாங்கிமேதான். சந்தைக்கும் வெளியாரோடு பேசுவதற்கும் ஃபுல்ஃபுல்டே பயன்படுகிறது. அதைக் கற்றுக்கொண்டவர்கள் பாங்கிமேயைக் கைவிடுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் மூன்று நான்கு மொழிகள் அறிந்திருப்பது கல்வியின் அடையாளமாகக் கருதப்படுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் மேய்ப்பருக்கும் அது பிழைப்பின் பகுதி. ஒரு மொழி வந்தால் மற்றொன்று போக வேண்டும் என்ற கணக்கு அங்கு செல்லுபடியாவதில்லை. தொகையை மட்டும் வைத்து அச்சுறுத்தலை அளக்கும் பட்டியல்கள் இதனால்தான் இப்பகுதியைத் தவறாகப் படிக்கின்றன.

எனினும் மேற்கு ஆப்பிரிக்காவில் மொழிகள் மறையாமல் இல்லை. நைஜீரியாவின் வடகிழக்கில், இன்றைய கோம்பே மாநிலத்தின் பலங்கா வட்டாரத்தில் உள்ள லோஜா என்ற குடியிருப்பில் ஜலா என்றொரு மொழி வழங்கியது. ஜெர்மன் மொழியியலாளர் உல்ரிச் கிளைனேவில்லிங்ஹோஃபர் 1992-இல் அங்கு சென்றபோது, சில முதியவர்களின் நினைவில் மட்டுமே அது எஞ்சியிருந்தது. அம்மக்கள் சில தலைமுறைகளுக்கு முன்பே அண்டையிலிருந்த தீக்காகா மக்களின் பேச்சுக்கு மாறிவிட்டிருந்தார்கள். அந்த முதியவர்களிடமிருந்து அவர் சேகரித்த சொற்கள் வேறு எந்த மொழியோடும் உறவு காட்டவில்லை. ஆகவே ஜலாவும் தனித்த மொழியாக இருக்கலாம். ஆனால் பெயர்ச்சொற்களின் பன்மை விகுதிகள் முதலான இலக்கணக் கூறுகள் தீக்காகா மொழியின் கூறுகளை அப்படியே ஒத்திருந்தன. சொற்கள் தங்களுடையவை, அவற்றைக் கட்டும் முறை அண்டையாருடையது. பாங்கிமேயில் கண்டதன் நேர் எதிர் இது: அங்கு வேற்றுச் சொற்கள் உள்ளே வந்தும் இலக்கணம் அசையவில்லை; இங்கு சொற்கள் கடைசி வரை நிற்க, இலக்கணம் முதலில் கரைந்துபோயிற்று.

இந்த வேறுபாட்டுக்கு இரு மக்களும் குடியிருந்த முறையில் விளக்கம் தேடலாம். ஜலா பேசியவர்கள் தீக்காகா மக்களோடு ஒரே இடத்தில் கலந்து வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஒரு வீட்டில் தாய் ஒரு மொழியும் தந்தை மற்றொரு மொழியும் பேச, பிள்ளைகள் இரண்டையும் ஒரே வாக்கிய அமைப்பில் பேசப் பழகும்போது இரு இலக்கணங்களும் நெருங்கிவருகின்றன. இரண்டுக்கும் ஒரே இலக்கணம் என்றான பிறகு, மிஞ்சிய சொற்களையும் விட்டுவிடுவதற்கு எவரும் பெரிய முடிவெடுக்க வேண்டியதில்லை. பாங்காண்டே மக்கள் சந்தையில் அண்டையாரைச் சந்தித்தார்கள். திருமணத்தை ஊர்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். சந்தை வழியே சொற்கள் வரும். வாக்கியத்தின் அமைப்பு பெரும்பாலும் வீட்டின் வழியேதான் வரும்.

கினி, சியரா லியோன் நாடுகளின் கடலோர எல்லையில் மனி என்ற மொழிக்கு நேர்ந்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. அமெரிக்க மொழியியலாளர் டக்கர் சைல்ட்ஸ் அதைப் பதிவு செய்யத் தொடங்கியபோது பேசுவோர் சில நூறு பேராகச் சுருங்கியிருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். பிள்ளைகள் கினிப் பக்கத்தில் சூசூ மொழிக்கும் சியரா லியோன் பக்கத்தில் தெம்னே மொழிக்கும் மாறிவிட்டிருந்தார்கள். 2011-இல் சைல்ட்ஸ் வெளியிட்ட மனி இலக்கணம், அம்மொழியைப் பேசுவோர் இருக்கும்போதே எழுதப்பட்டது என்பதே அதன் முதற்சிறப்பு. அருகில் உள்ள கிம், போம் மொழிகளை மெண்டே மொழி விழுங்கிவருகிறது. கினியில் பிரெஞ்சும் சியரா லியோனில் ஆங்கிலமும் ஆட்சி மொழிகளாக இருந்தும், இந்த மூன்று மொழிகளின் இடத்தையும் அவை பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேற்ற மொழிகள் பழங்குடி மொழிகளை அழித்த வரலாற்றை அப்படியே ஆப்பிரிக்காவுக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் இங்குதான் தடம் மாறுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சிறு மொழியை இடம்பெயர்ப்பது பெரும்பாலும் பக்கத்து ஊரின் பெரிய மொழி. செனெகலில் வோலோஃப், வட நைஜீரியாவில் ஹவுசா, மாலியில் பம்பாரா. ஐரோப்பிய மொழிகள் பள்ளியிலும் அலுவலகத்திலும் நிற்கின்றன. சமையலறை வரை வருவது அரிது.

மாலியின் மொழிச் சட்டமும் இதே திசையில்தான் வேலை செய்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பதின்மூன்று மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்றது. 2023-இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு அவற்றை ஆட்சி மொழிகளாக உயர்த்தி, அதுவரை ஒரே ஆட்சி மொழியாக இருந்த பிரெஞ்சை அலுவல் மொழி என்ற நிலைக்கு இறக்கியது. பதின்மூன்றில் டோகோனும் ஒன்று. ஆனால் டோகோன் என்ற ஒரே பெயரில் எழுத்து வழக்குக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது இருபது மொழிகளில் ஒன்றான தோரோ சோ. ஏனைய டோகோன் மொழிகளைப் பேசுவோருக்கே அது பாடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய மொழி. பாங்காண்டே குழந்தைக்கோ அது முற்றிலும் அயல்மொழி. டோகோன் என்று தங்களைச் சொல்லிக்கொள்வது அம்மக்களுக்கு அரசியலில் ஒரு பெரிய இனத்தின் நிழலைத் தருகிறது. அரசின் பதிவேட்டில் அவர்களுடைய மொழி இருப்பதே தெரியாமல் போவதற்கும் அதுவே காரணமாகிறது. வெளியார் ஒருவர் வந்து நீங்கள் டோகோன் அல்லர் என்று மெய்ப்பித்துக் காட்டுவதால் அவர்களுக்கு ஆகப்போவது என்ன என்ற கேள்வியை அறிஞர்கள் போதிய அளவு எழுப்பியதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் விட உடனடியான அச்சுறுத்தல் போர். 2012-இல் மாலியின் வடக்கில் தொடங்கிய கிளர்ச்சி அடுத்த சில ஆண்டுகளில் நடுப்பகுதிக்கு இறங்கியது. அமாடூ கூஃபா தலைமையிலான ஆயுதக் குழு ஃபுலானியரிடையே ஆள் சேர்த்தது. எதிர்ப்புறம் டோகோன் தற்காப்புப் படைகள் எழுந்தன. 2019 மார்ச் 23 அன்று ஒகோசாகூ என்ற ஃபுலானி ஊரில் 150-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் மாதம் சோபானே தா என்ற டோகோன் ஊர் தாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தானியத்தையும் பாலையும் மாற்றிக்கொண்ட இரு மக்களிடையே சந்தைப் பாதைகள் அடைபட்டன. டோகோன் என்று தங்களைக் கருதிக்கொண்டு, வெளியாரோடு ஃபுலானியரின் மொழியில் பேசும் பாங்காண்டே மக்களின் நிலை இந்தப் பிளவில் எவ்வளவு இடுக்கமானது என்பதை விளக்கத் தேவையில்லை. வெளியாய்வாளர்கள் அப்பகுதிக்குச் செல்வதும் ஏறத்தாழ நின்றுபோயிற்று.

மாலியின் நடுப்பகுதியில் உள்ள மோப்தி வட்டாரம் முழுவதிலுமிருந்து ஊரை விட்டு ஓடிவந்த மக்கள் செவாரே போன்ற நகரங்களில் தங்கியிருக்கிறார்கள். பலர் தலைநகர் பமாக்கோ வரை போயிருக்கிறார்கள். நகரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் அறை எந்தத் தெருவில் என்பதைப் பொறுத்து அண்டை வீட்டுப் பிள்ளைகளின் மொழி முடிவாகிறது. செவாரேயில் அது ஃபுல்ஃபுல்டேயாகவோ பம்பாராவாகவோ இருக்கும், பமாக்கோவில் பம்பாராவாகத்தான் இருக்கும். ஏழு ஊர்களில் ஒன்றிலிருந்து பத்துக் குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியேறினால் பாங்கிமே அங்கும் பேசப்படும். அதே பத்துக் குடும்பங்கள் பத்துத் தெருக்களில் சிதறினால் அடுத்த தலைமுறையில் ஜலாவின் பாதை திறந்துவிடும். பதிவு செய்யப்பட்ட சொற்களும் கதைகளும், தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் டோகோன் திட்டத்தார் ஊர் ஊராகத் திரட்டிய பெயர்களும் மின்காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அப்பள்ளத்தாக்கின் தோட்டங்களில் பாங்கிமே ஒலிப்பது தொடருமா என்பது, அங்கு மீண்டும் பயிரிடப் போக முடியுமா என்பதைப் பொறுத்திருக்கிறது.